இடது மூலை

யூஜின் கமெராவை நிறுத்த மறந்துபோன இரவில்
ஆறு மணித்தியாலம் எங்கள் கேபிளில்
கடல் ஓடியது.
திருக்கடலூர், மூன்றாம் மாடி, ஸ்டூடியோவின் பின்ஜன்னல்.
இருட்டு. இரண்டு வெளிச்சப் புள்ளி.
பிறகு, யாரும் இயக்காத ஒரு விடியல்.

காலையில் ஏச்சு வாங்கத் தயாராய்
தொலைபேசியை எடுத்தேன்.
ஐம்பத்து மூன்று அழைப்பு.
சோனகவாடியிலிருந்து ஒரு பெண்:
"ராவு போட்டத்த இண்டைக்கும் போடுவீங்களா?
புள்ள அழாமப் படுத்திச்சு."
உப்புவெளி ஹோட்டல் காவலாளி:
"நல்ல படம். ஒருத்தரும் கதைக்கல்ல."

முதலாளி ஜெயசீலருக்கு
ஐம்பத்து மூன்று என்பது எண் அல்ல,
ஒரு நகைக்கடை.
"சனம் கேக்கிறதக் குடுக்கோணும்" என்றார்.
கொடுத்தோம்.
முதல் வாரம் புல்லாங்குழல்.
அடுத்த வாரம் அலைக்கு மேலே ராசிபலன்,
அலைக்குக் கீழே சீமெந்து விலை.
பிறகு மெலனி, பட்டுச்சேலையும் குடையுமாக:
"வணக்கம் நேயர்களே, இதோ ஓர் அலை வருகிறது!"
வந்தது.
எங்கள் ஸ்கிரிப்டுக்குக் கட்டுப்பட்டு நடித்தது
அது ஒன்றுதான்.

அழைப்புகள் இருபதாகி, நாலாகி,
ஒரு புதன்கிழமை ஒன்றுமே இல்லை.
"கடல் சலிச்சுப் போச்சுது போல" என்றான் யூஜின்.
நம்பினோம். பழியைக் கடல்மேல் போடுவது வசதி,
அது மறுத்துப் பேசாது.

வெள்ளி பின்னேரம் மனையாவெளியிலிருந்து சவிரியான்.
இடுப்புக்குக் கீழே ஏழு வருசமாய் அசைவில்லையாம்;
அதைச் சொன்னது அனுதாபத்துக்கல்ல,
ஏன் டிவியில் பார்க்கிறார் என்று விளங்கப்படுத்த.
"தம்பி, உங்கட சின்னம் ஒண்டு
இடப்பக்கம் கீழ சுத்திச் சுத்தி மின்னுதெல்லோ?"
"ஓம்."
"அதுக்குப் பின்னாலதான் என்ட வள்ளம் நிக்கிற.
மருமகன் சாமத்தில கொண்டுபோறவன்.
வந்திட்டானோ எண்டு பாக்கேலாமக் கிடக்கு."

முதலாளியைக் கேட்கவில்லை.
சின்னத்தை இழுத்து
வலப்பக்கம் மேலே கொண்டுபோய் வைத்தேன்.
வள்ளம் நின்றது. நீலம், அணியத்தில் சிவப்புக் கோடு,
உள்ளே கவிழ்த்துவைத்த ஒரு பிளாஸ்டிக் வாளி.
மூன்று மாதமாய் இந்தக் கடலை எடிட் பண்ணுகிறேன்,
இந்த வாளியை இன்றைக்குத்தான் காண்கிறேன்.

சனி காலை ஆறு பத்துக்கு
ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், கோபமாக:
"கோணேசர் மலையில எரியிற விளக்கை
ஆர் மறைக்கச் சொன்னது?"

யூஜினும் நானும் இப்போது
சின்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு
தேடிக்கொண்டிருக்கிறோம்,
திரையில்
ஒருத்தரும் பார்க்காத ஓர் இடத்தை.