நான்கெல்லை

வாரம் ஆறு நாள்
அம்பாசமுத்திரம் பத்திர ஆபீசுக்கு எதிரே
ஒரு மேசை, ஒரு நாற்காலி, பிறருடைய நிலம்.
கிழக்கே வாய்க்கால். மேற்கே உலகம்மை வகையறா வயல்.
வடக்கே வண்டிப்பாதை. தெற்கே வழக்கில் இருப்பது.
இந்நான்கெல்லைக்கு உட்பட்ட
மாவடை மரவடை, கல், புதையல் சகிதம் என்று
இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறேன்.
எனக்கென்று வாங்கியது
தவணையில் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ.

ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொள்வேன்.

காரையாறு பஸ்ஸில் ஜன்னலோரம்.
செக்போஸ்ட்டில் அனுமதிக் கடிதத்தைக் காட்டிவிட்டு
பூதத்தானோடு சேர்ந்துகொள்வேன்.
வேட்டைத்தடுப்புக் காவலர், இருபத்தாறு வயது,
காணிக்குடியிருப்புக்காரர்.
பேச்சுக் குறைவு, பேசினால் கிரிக்கெட்.
வழியில் ஒரே ஒரு பாறைமேல் சிக்னல் வரும்.
அதில் ஏறி ஒற்றைக்காலில் நின்று
ஸ்கோர் பார்ப்பார், கொக்கு மாதிரி.

முதல் அரைமணி நேரம் நடப்பது நானில்லை.
கூட்டுறவு சங்கக் கடன் நடக்கும்,
தைலம் தேய்த்த முழங்கால் நடக்கும்,
வெள்ளிக்கிழமை எழுதிய சர்வே எண்
இருநூற்றுப் பதினாலில் இரண்டா மூன்றா என்பது
எல்லோருக்கும் முன்னே நடக்கும்.
இரண்டாவது ஓடை தாண்டியதும்
ஒவ்வொன்றாய்ப் பின்தங்கிவிடும்.
எந்த இடத்தில் என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை.
பார்த்தால் கூடவே வந்துவிடும்.

பிறகு கால் மட்டும்.
காய்ந்த சருகு ஈரச் சருகாகிற இடம்
கண்ணுக்கு முன் காதுக்குத் தெரியும்.
நாங்கு தளிர்த்திருந்தது, அத்தனை சிவப்பு.
முதல் வருஷம் பூ என்றே நம்பி
வீட்டில் போய்ச் சொல்லியும்விட்டேன்.
மேலே கருமந்தி ஒன்று அடித்தொண்டையில் கூப்பிட,
பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து
இன்னொன்று பதில் சொன்னது.
நடுவில் நாங்கள் இரண்டு பேர்,
யாரும் கேட்காத ஆட்கள்.
அட்டைக்கு மட்டும் எங்களிடம் வேலை இருந்தது.
கணுக்காலில் சிவப்பாய் ஒரு கைநாட்டு.

ஈத்தைக்காட்டு வளைவில்
பூதத்தான் கையை உயர்த்தினார்.
பாதையில் லத்தி. ஆவி இன்னும் போகவில்லை.
நின்றோம்.
வலப்பக்கம் ஈத்தை முறிந்தது,
யாரோ அவசரமில்லாமல் கரும்பு தின்பது போல.
நாற்பது நிமிஷம்.
அவ்வளவு நேரம் நான் சும்மா நின்றது
என் கல்யாணத்து போட்டோவுக்குக்கூட இல்லை.
வியர்வை முதுகில் இறங்கி, ஆறி,
மறுபடி இறங்கியது.
பயம்தான். ஆனால் பயத்துக்குள்
ஒரு சுத்தமான இடம் இருந்தது,
பெருக்கித் தண்ணி தெளித்த மாதிரி.
பழக்கதோஷம், மனசுக்குள் எழுத ஆரம்பித்தேன்:
கிழக்கே ஈத்தை முறிகிற சத்தம்.
மேற்கே சத்தம் நின்ற இடம்.
வடக்கே... காற்று மாறிவிட்டது.
தெற்கு எதுவென்றே தெரியவில்லை.

யானையைப் பார்க்கவில்லை. கடைசிவரை.

“உங்க பீட்டு எதுவரைக்கும்?” என்றேன் திரும்பும்போது.
“பேப்பர்லயா, அண்ணாச்சி?”
“பேப்பர்ல இல்ல.”
“இன்னைக்கி, இந்த வளைவு வரைக்கும்.”
சொல்லிவிட்டுப் பாறைக்கு ஓடினார்.
நாலு விக்கெட் போயிருந்தது.

சண்முகவடிவு கதவைத் திறந்தாள்.
“இவ்வளவு தூரம் போயி என்னத்தப் பாத்திய?”
யோசித்தேன். லத்தி என்று சொல்லலாம்.
“நடந்தேன்” என்றேன்.
“அதுக்கு நம்ம தெரு போதாதா?”
நியாயமான கேள்வி.
சாக்ஸைக் கழற்றியபோது
ஒட்டியிருந்த விதைகள் தரையில் விழுந்தன.
அவளே குனிந்து பொறுக்கினாள்.
ஒன்றை விரலில் உருட்டிப் பார்த்து
எறியாமல் ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

திங்கட்கிழமை, கல்லிடைக்குறிச்சிக்காரர் ஒருவர்,
முப்பது சென்ட் தென்னந்தோப்பு.
கிழக்கு, மேற்கு, வடக்கு எழுதிவிட்டேன்.
மாவடை மரவடை என்ற இடத்தில் பேனா நின்றது.
“என்னய்யா, பிழையா?” என்றார் குனிந்து.
“இல்ல, கால் அரிக்கி.”
மேசைக்கடியில்
ஷூ முனையால் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டு
தெற்கெல்லை என்ன என்று கேட்டேன்.