கழித்தல் நூற்றுப் பதினேழு

பகாவில் பசியாறிவிட்டு
கூரையில் ஆன்டெனா ஒட்டிய வேனில் கிளம்புகிறோம்,
தயாபரன் ஓட்ட, நான் எண்களைப் பார்க்க.

எங்கள் தொழிலில் எல்லாமே கழித்தல்தான்.
கோபுரத்தடியில் கழித்தல் ஐம்பது,
கடைவரிசையில் எழுபது,
செம்பனைக்குள் திரும்பியதும் தொண்ணூறு, நூறு.
கடன்காரன் நோட்டுப்புத்தகம் என்பான் தயாபரன்.
பூஜ்யத்தை இருவருமே பார்த்ததில்லை.

மழைக்கு மறுநாள் இன்னும் மோசம்,
ஈர மட்டைகள் அலையைக் குடித்துவிடும்.
இங்கே கோபுரம் நட்டவர்கள்
கன்றுகளைப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

பாலம் தாண்டும்போது கைமாற்றம்.
பழைய கோபுரம் கையை விட்ட பிறகுதான்
புதியது பிடிக்கும். நடுவே
நொடியில் இருபதில் ஒரு பங்கு
போன் யாருடையதும் இல்லை.
தினமும் அந்த இடத்தில்
பேச்சை நிறுத்திவிடுகிறேன், ஏனென்று தெரியாது.

நாற்பத்தோராம் புள்ளி. டிராக்டர் பாதை முடிகிற இடம்.
குலை வெட்டும் நீளக் கம்பை மரத்தில் சாய்த்துவிட்டு
விழுந்த அடிமரத்தின் மேல் ஏறி நின்று
வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர்
போனை வானுக்கு நீட்டிக்கொண்டிருந்தார்.
ஸ்பீக்கரில் ஒரு குழந்தை
பாதிப் பாதியாய் வந்தது.
வராத பாதியைத் தானே சொல்லிப் பார்த்து
ஆமாவா என்பதுபோல் கேட்டுச் சிரித்தார்.

என் திரையில் கழித்தல் நூற்றுப் பதினேழு.
இரைச்சலுக்குக் கீழே எங்கோ சமிக்ஞை.
படிவத்தில் மூன்றே கட்டங்கள்:
நன்று, சுமார், சேவை இல்லை.

மூன்றாவதைத் தொட்டேன்.
அவர் வேனைத் திரும்பிப் பார்த்து
விரலை உதட்டில் வைத்தார்.
தயாபரன் எஞ்சினை அணைத்தான்.