முந்நூற்றுப் பதினொரு விளக்குகள்

நவம்பர் கடைசியில் ட்ரொம்சோவில் சூரியன்
சொல்லிக்கொள்ளாமல் விடுப்பில் போய்விடும்.
திரும்பி வர ஜனவரி பாதியாகும்.
அதுவரை நாங்கள்
துறைமுகத்துக்கு எதிரே, மீன் கிடங்கின் மூன்றாம் மாடியில்
வெயில் செய்கிறோம்.

மெய்யான வெயில் ஊதாரி.
எங்கெங்கோ மோதி, பெரும்பாலும் வீணாகி,
தப்பியது மட்டும் கண்ணுக்கு வருகிறது.
எங்களுக்கு அந்த வசதி இல்லை.
கண்ணிலிருந்தே கதிரை அனுப்புகிறோம்.
அது சுவரில் பட்டு, தரையில் பட்டு,
செம்புக் கெண்டியின் வயிற்றில் வழுக்கி
ஒரு விளக்கைத் தேடிப் போகிறது.
கிடைத்தால் வெளிச்சம்.
பார்வையை எறிந்தான் என்கிறோமே,
அதை எழுத்துக்கு எழுத்து நம்பிவிட்ட எந்திரம்.

விளையாட்டு இதுதான்:
கலங்கரை விளக்கின் காவலாளியைக் காணோம்.
அவன் சமையலறையில், மேசைக்கு அடியில், ஒரு சாவி.

ஐவின்ட் ஆறு வருடமாக அந்த வீட்டுக்குள்
பொய் விளக்குகளை ஒளித்து வைத்திருந்தான்.
மேசைக்கு அடியில் ஒன்று, நிழல் விழாதது.
அலமாரிக்கு ஒன்று, அலமாரியை மட்டும் தொடுவது.
காவலாளியின் மனைவி முகத்துக்கு இரண்டு,
அவள் நடந்தால் கூடவே நடப்பவை.
எண்ணிப் பார்த்தோம்.
முந்நூற்றுப் பதினொன்று.

செவ்வாய்க்கிழமை சுன்னிவா எல்லாவற்றையும் அணைத்தாள்.
ஒரு சன்னல், ஒரு வானம் போதும்,
மீதியைக் கதிர் பார்த்துக்கொள்ளும் என்றாள்.

முதலில் திரை முழுக்க எறும்பு.
பதினாறு மில்லி நொடிக்குள் படம் முடிந்தாக வேண்டும்,
புள்ளிக்கு ஒரு கதிர்தான் கட்டுப்படியாகும்.
பிறகு, பழக்கிவைத்த வலைப்பின்னல்
எறும்புகளின் இடைவெளியை ஊகித்து நிரப்பியது.
ஊகம் என்று எல்லோருக்கும் தெரியும்.
இருந்தும் யாரும் பேசவில்லை.
கெண்டியில் சன்னல் தெரிந்தது, அந்தச் சன்னலில் கடல்.
மேசைவிரிப்பின் சிவப்பு
யாரும் சொல்லிக்கொடுக்காமல்
சுவரில் கொஞ்சம் ஏறியிருந்தது.

மேசைக்கு அடியில் மட்டும் கும்மிருட்டு.
‘இனி சாவியை யார் கண்டுபிடிப்பார்கள்?’
என்றான் ஐவின்ட்.
குரலில் லேசான மகிழ்ச்சி.

புதன்கிழமை ஆடிப் பார்க்க வந்தவள் ரிஸ்தன்.
பனி வாரும் வண்டி ஓட்டுபவள்,
கையுறையைக் கழற்றி ஹீட்டர் மேல் வைத்தாள்.
இருபது நிமிடம் சமையலறையிலேயே நின்றாள்.
‘நல்ல வீடு. இங்கே என்ன செய்யணும்?’
நாங்கள் சொல்லக் கூடாது.
ஐவின்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்,
பிறகு எங்களை.

அவள் சுவரிலிருந்த தகரத் தட்டை எடுத்தாள்.
நாற்காலியில் சாய்த்து வைத்தாள்.
கொஞ்சம் திருப்பினாள், மறுபடி திருப்பினாள்,
கண்ணாடியைச் சரிசெய்யும் ஓட்டுநரின் பொறுமையோடு.
சன்னலிலிருந்து வந்த சாம்பல் நிற ஒளி
தட்டில் விழுந்து, தெறித்து,
மேசைக்கு அடியில் போய்ப் படுத்தது.
சாவி.

அதை நாங்கள் எழுதவில்லை.
தட்டுக்கு அப்படியொரு வேலை இருப்பது
எந்தக் குறிப்பிலும் இல்லை.
முந்நூற்றுப் பதினொரு விளக்கும் எரிந்த நாளில்
அது வெறும் தட்டு.

மாலைக் கூட்டத்தில் சுன்னிவா
வரப்போகும் ஐந்து வருடத்தைப் பலகையில் வரைந்தாள்:
தீக்குச்சி உரசி வழி தேடும் விளையாட்டு,
குட்டையில் எதிரியைப் பார்க்கும் விளையாட்டு,
நிழலை வைத்து மணி சொல்லும் ஊர்.
ஐவின்ட் கைபேசியை நீட்டினான்.
ஹாமர்ஃபெஸ்டில் அவன் தம்பியின் பழைய கணினி,
அதே சமையலறை,
நொடிக்கு ஒன்பது படம்.
கெண்டி ஒரு படத்தில் இருந்தது, அடுத்ததில் இல்லை.

ஆக, இரண்டு வீடுகள் வெளிவரும்.
பணமுள்ளவர் தட்டைச் சாய்த்துத் தேட வேண்டும்.
இல்லாதவருக்குச் சாவி தானாகவே மினுங்கும்.
யாருக்கு லாபம் என்று
இன்னும் சண்டை தீரவில்லை.
மனைவியின் முகத்து விளக்குகளை மட்டும்
இரண்டு வீட்டிலும் யாரோ மறுபடி ஏற்றியிருக்கிறார்கள்.
யாரென்று சுன்னிவா கேட்கவில்லை.

நான் கிளம்பும்போது மாடியில் ஒற்றை விளக்கு.
ஐவின்ட் காண்டீன் தட்டைச் சாய்த்துப் பிடித்து
தன் மேசைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தான்.
ஒரு பேனா மூடி இருந்தது. ஒரு பக்கம் மட்டும் நீலம்.