ஆயிரத்து ஐந்நூறு மணி

டொலீடோவில் நாய்க்கு முடி வெட்ட
யாரும் உரிமம் கேட்பதில்லை.
மனிதத் தலை என்றால்
ஆயிரத்து ஐந்நூறு மணிநேரம்.

வாசலிலேயே கடிகாரம்.
உள்ளே வந்தால் அட்டையைச் செருக வேண்டும்,
சிகரெட்டுக்குப் போனால் மறுபடி செருக வேண்டும்.
இரவெல்லாம் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு
காலை எட்டுக்கு நான் நீட்டும் அட்டையில்
ரப்பர் வாடை.

முதல் சில வாரங்கள் கத்தரியைத் தொடவே இல்லை.
கை கழுவினோம்.
நீல மருந்தில் சீப்பு எத்தனை நிமிடம் ஊற வேண்டும்,
எந்தப் படை தொற்றும், எது தொற்றாது,
எந்தத் தலையை
"மன்னிக்கவும், டாக்டரிடம் போங்கள்" என்று
முகம் சுளிக்காமல் திருப்பி அனுப்ப வேண்டும்.
நகத்தடியில் தெரியும் வெள்ளைப் பிறைக்கு
ஒரு பெயர் இருப்பதே
முப்பத்து நாலாவது வயதில்தான் தெரிந்தது எனக்கு.
என் நகங்களில் பிறையே இல்லை,
கிரீஸ்.

டாரிஸுக்குக் கழுத்தோடு சரி.
நூற்றுப் பத்து டாலர், அதுவும் கடனில்.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவேன்.
"அந்த ஆன்ட்டி யாரைக் கொன்னாங்க?" என்று
ஒரு சின்னப் பையன் கேட்டான்.
அவன் அம்மா சிரிக்கவில்லை.
ஐந்து முறை சாயம் போட்டதில் ஆறாவது நிறத்தில் இருந்தாள் டாரிஸ்.
அவளுக்கு வெட்டினால் வளராது.
அதனாலேயே
வெட்டுமுன் மூச்சைப் பிடிக்கக் கற்றேன்.

"மயிர் பிடுங்கவா இத்தனை கடன்?" என்றான் அண்ணன்.
அதற்குத் தனிப் பாடம் இருக்கிறது, என்றேன்,
மெழுகு வைத்து.

ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது மணியில்
பள்ளியைப் பூட்டிவிட்டார்கள்.

கதவில் ஒரு தாள், நான்கு பக்கமும் டேப்.
முதலாளி ஃபோன் எடுக்கவில்லை.
லுர்தெஸ் கண்ணாடியை உதைத்தாள், காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.
ஹாலா தன் மணிகளை விரல்விட்டு எண்ணினாள்,
விரலில் எண்ணக்கூடியதா அது.
என் மணிகள் என் கையில் இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.
இல்லை, அலுவலக அறையில், மூன்றாவது இழுப்பறையில் இருந்தன.
கை வெறும் கைதான்,
ஆட்காட்டி விரலில் சுருட்டுக் கம்பி சுட்ட தழும்போடு.

அப்போது பார்த்து மிசஸ் பிக்ஸ்லர்.
செவ்வாய்தோறும் பத்து மணி, ஒன்பது டாலர்,
மாணவர் கை என்பதால் மலிவு.
தலையில் பிளாஸ்டிக் மழைத்தொப்பி.
இரவே ரோலர் சுற்றி வந்திருந்தாள்;
பிரித்துச் சீவிவிட வேண்டும், அவ்வளவுதான்.
"ஒரு மணிக்கு கோர்ட்" என்றாள்.
"கூரை ஒழுகுது, வீட்டுக்காரன் மேல வழக்கு.
இந்தக் கோலத்துல போனா
ஜட்ஜ் அவன் சொல்றதைத்தான் நம்புவார்."

அவளுடைய பழைய ப்யூக்கின் முன் இருக்கை.
வெயில் தட்டியில் உள்ளங்கை அகலக் கண்ணாடி.
கிளிப்புகளை லுர்தெஸ் வாங்கிக்கொண்டாள்,
ஹாலா ஸ்பிரேக்கு முன் கிழவியின் கண்ணைக் கையால் மறைத்தாள்.
நான் பின்கழுத்திலிருந்து தொடங்கினேன்.
வெதுவெதுப்பான முடி.
சீப்பு படும்போது தோள் லேசாக இறங்குகிறது.
டாரிஸுக்குத் தோளில்லை,
இதை அவள் எனக்குச் சொல்லித்தரவே இல்லை.

நாற்பது நிமிடம்.
எந்த அட்டையிலும் ஏறாத நாற்பது நிமிடம்.

ஒன்பது டாலரை நீட்டினாள்.
உரிமம் இல்லாமல் வாங்கினால் குற்றம், என்றேன்.
"கோர்ட்டுக்குத்தானே போறேன், கேட்டுச் சொல்றேன்" என்றாள்.
காரைப் பின்னால் எடுத்தபோது
குப்பைத் தொட்டியில் இடித்தாள்.
தலை கலையவில்லை.

அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியாது.
வேறு பள்ளி எழுபது மைல் தள்ளி,
அவர்கள் என் மணிகளை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம்.
இன்னும் முன்னூற்று எண்பத்தெட்டு.

கிளம்புமுன் கண்ணாடியில் நெற்றி வைத்துப் பார்த்தேன்.
மூன்றாவது மேசையில் டாரிஸ்,
வெள்ளிக்கிழமை நான் விட்டுப்போனபடியே,
பாதித் தலையில் பெர்ம் குச்சிகள்.
நிஜ மருந்தாக இருந்திருந்தால்
இருபது நிமிடத்தில் கழுவியிருக்க வேண்டும்.
இன்றோடு நான்கு நாள்.

நல்லவேளை,
பயிற்சிக்கு வெறும் தண்ணீர்தான் ஊற்றுவோம்.