ஒழுங்குப் பிரச்சினை

செருப்பைக் கழற்றத் தேவையில்லை என்றார்
காவலாளி செபநேசன்.
நான் ஏற்கெனவே கழற்றிவிட்டேன்.

தேர்தல் வராத சபை.
மைக்குகளுக்குப் பொலித்தீன் உறை.
தவிசாளர் கதிரையில்
வயர் சுற்றிவைத்த மேசைவிசிறி.
"இருந்து பாருங்கோ,
ஒருத்தரும் கேக்கமாட்டினம்."
இருந்தேன். கதிரை கிறீச்சிட்டது,
அன்றைய ஒரே உரை.

வெளியே முற்றவெளியில்
டினோஜா அவுட்டா இல்லையா என்று
பதினொரு பேர் ஒரே நேரத்தில் கதைக்கிறார்கள்.
கச்சான்காரி மட்டையைப் பறித்து
பிரேரணை வைக்கிறாள்:
"இன்னொருக்காப் போடட்டும் பந்தை!"
ஓம் என்றவர்கள் கை தூக்குகிறார்கள்.
ஐஸ்கிறீம் வான் மட்டும்
எதிர்த்து ஹோர்ன் அடிக்கிறது.

கோட்டைப் பக்கமாய் நின்ற நானும்
கை தூக்கினேன்.
தூக்கிய பிறகுதான் கண்டேன்,
செருப்பு இன்னும்
அந்தக் கையில்.