துண்டு விழுகிறது

மார்ச்சில் என் மேசைக்கு வருகிறவர்கள் எல்லாரும்
எண்ணைச் சின்னதாக்கச் சொல்வார்கள்.
டிராக்டருக்கு ஊற்றிய டீசல், கொட்டகைக்கு அடித்த பெயின்ட்,
நாய்க்குக்கூட ஒரு ரசீது.
நொயெமி அர்கெத்தா மட்டும்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டாள்:
இதைப் பெரிதாக்க முடியுமா?
எவ்வளவு வரி ஆனாலும் கட்டுகிறேன்.

பிரான்டனில் இருபத்திரண்டு வருடமாகப் படிவம் நிரப்புகிறேன்.
அப்படி ஒருவர் கேட்டதில்லை.

பன்றித் தொழிற்சாலையில் அவளுக்குத் தோள்பட்டைப் பிரிவு.
பெல்ட் ஓடும், கத்தி இறங்கும், துண்டு விழும்.
கணவன் எலிசெயோ இரவில் பனி வாருகிறான்,
பனி பெய்தால்.
பெய்யாத இரவுகளைத் தேதியோடு சொன்னாள்,
ஆலங்கட்டி விழுந்த நாளைச் சொல்லும்
கோதுமைக்காரர்களைப் போல.

உசுலுத்தானிலிருந்து அப்பா அம்மாவை அழைக்க
மூன்று வருடம், விடாமல் மூன்று வருடம்,
வருமானம் ஒரு கோட்டுக்கு மேலே நிற்க வேண்டும்.
(அதற்குப் பிறகு குலுக்கலில் பெயர் விழ வேண்டும்,
அது வேறு கதை.)
கோடு தலைக்கணக்கில் உயரும்.
அவள், எலிசெயோ, மகன் யாதிர்,
வரப்போகிற இருவர். ஐந்து தலை.
முதல் வருடம் தாண்டிவிட்டாள்.
இரண்டாம் வருடமும், ஞாயிறுகளை விற்று.
மூன்றாவதில், பன்றிகள் குறைவாக வந்த இலையுதிர் காலம்.
ஓவர்டைம் நின்றது.
முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர்
துண்டு விழுந்தது.

மூன்று முறை கூட்டினேன். பென்சிலாலும் கூட்டினேன்.
சுவரில் என் பூட்டனின் படம். அவரிடம் யாரும்
வருமானம் கேட்கவில்லை என்பார்கள் எங்கள் வீட்டில்.
பத்து டாலர், ஒரு கோடரி,
போய் நிலத்தில் நில் என்றார்களாம்.
படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது
அன்றைக்கு வசதியாக இருந்தது.

அவளுடைய அப்பா போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.
பின்னால் ஒரு சேவல், யாரோ இரும்புக் கதவை இழுக்கும் சத்தம்.
ஸ்பானிஷ் எனக்கு வராது, அவள் சொல்லித்தான் தெரியும்:
அந்த அம்மாவிடம் சொல், என்னைக் கழித்துவிடட்டும்.
நான் இங்கேயே கிடக்கிறேன்.
உங்கம்மாவுக்கு மட்டும் போடு.

விதியைப் புரட்டிப் பார்த்தேன்.
வராத கணவரும் தலைதான்.
விட்டுவிட்டு வந்தாலும் எண்ணிக்கொள்வார்கள்.
இதை அவள் அவருக்குச் சொன்னபோது
அவர் சிரித்தார், நீளமாக,
இருமல் வரும்வரை.

இந்த மார்ச்சில் வந்தபோது கோட்டைக் கழற்றி
நாற்காலியின் முதுகில் மாட்டினாள்.
ஜனவரியில், என்றாள். நுரையீரல்.

ஐந்தை அழித்து நான்கு போட்டேன்.
ரப்பர் துகளை எப்போதும் ஊதிவிடுவேன்,
அன்று கையால் ஒதுக்கினேன்.
கோடு தானாக இறங்கி வந்தது.
துண்டு விழுந்த அதே வருடம், அதே எண்,
இப்போது தாண்டி நின்றது. மிச்சம்கூட இருந்தது.
எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
கால்குலேட்டரை அணைக்கத் தோன்றியது.
ஜன்னல் வெளிச்சத்தில் ஓடுவது அது,
அணைக்கப் பொத்தான் கிடையாது.

கையெழுத்துப் போட்டாள். மணிக்கட்டில் பட்டை.
எழுந்தவள் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தாள்:
அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், மொழிபெயர்த்து முத்திரை வைத்தது.
நாற்பத்தைந்து டாலர் ரசீது மூலையில் பின் குத்தியிருந்தது.
இனி இது வேண்டாம் இல்லையா, என்றாள்.
இந்தச் செலவையாவது வரியில் கழிக்கலாமா?

இத்தனை வருடத்தில் அவள் கழிக்கச் சொன்னது
இது ஒன்றுதான்.

கழிக்க முடியாது, என்றேன்.

சரி என்றாள்.
ரசீதைப் பிரிக்காமல்
இரண்டையும் சேர்த்தே மடித்தாள்.
வாசலில் அடுத்தவர்
பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்.