புள்ளி 417

மே மாதம். பனி கரைந்தாயிற்று,
பிர்ச் மரங்கள் இன்னும் இலை விடவில்லை.
நார்வேயில் வருடத்துக்கு எங்களுக்குக் கிடைப்பது
இந்தப் பதினைந்து நாள்தான்.
ஊர் ஊராகத் தாள் அனுப்பியிருந்தோம்:
ஒவ்வொரு எல்லைக்கல்லை ஒட்டியும் ஒரு முளை,
முளையின் தலையில் முழ அகல வெள்ளைப் பலகை.
கிளை மறைத்தால் வெட்டிவிடவும்.
பக்கத்து நிலத்துக்காரரும் கூட நிற்க வேண்டும்,
ஒருவர் பிடிக்க, ஒருவர் ஆணி அடிக்க.

அந்தப் பள்ளத்தாக்குக்கு நான் போனதே இல்லை.
ஒஸ்லோவில், கீழ்த்தளத்தில்,
கருவியின் இரண்டு கண்களில் என் இரண்டையும் பதித்து
மாலை வரை உட்கார்ந்திருப்பேன்.
இடக்கண்ணுக்கு ஒரு படம்,
வலக்கண்ணுக்கு
பத்து விநாடி தள்ளி எடுத்த இன்னொன்று.
முதலில் வெறும் சாம்பல் நிறத் தட்டை.
பிறகு பால் பொங்குவது மாதிரி
மலை எழும்பி வரும்.

நடுவில் ஒரு கரும்புள்ளி மிதக்கும். அது என்னுடையது.
காலடிச் சக்கரத்தைச் சுழற்றினால் ஏறும், இறங்கும்.
அது தரையைத் தொடும்போது பொத்தானை அழுத்தினால்
யாரோ ஒருவருடைய நிலத்துக்கு மூலை கிடைத்துவிடும்.

415, சரி.
416இல் பலகைக்குப் பதில்
தலையணை உறையை விரித்துக் கல் வைத்திருந்தார்கள்.
வெள்ளைதானே, ஏற்றுக்கொண்டேன்.

417 தரையில் இல்லை.

என் புள்ளியை ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன்.
புல்வெளிக்கு இருபது மீட்டர் மேலே
ஒரு வெள்ளைச் சதுரம், முளையில்லாமல், கல்லில்லாமல்,
அந்தரத்தில் நின்றது.

நகர்கிற பொருள் எங்களிடம் இப்படித்தான் மாட்டும்.
விமானம் போகும் திசையிலேயே அது நடந்தால்
மண்ணுக்குள் புதைந்து தெரியும்.
எதிர்த்திசையில் நடந்தால் ஆகாயம் ஏறும்.
அன்று விமானம் கிழக்கே போனது.
வெள்ளை மேற்கே போயிருக்கிறது,
பத்து விநாடியில் பன்னிரண்டு மீட்டர்,
அவசரமில்லாத நடை.
மேற்கே இருப்பது குன்வோர் ஸ்டென்ஸ்லியின் வைக்கோல் நிலம்.
கிழக்கே, எய்லெவ் நேர்ஹௌகன்.

வானம் திடீரென்று வெளுத்ததால்
அறிவித்த தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே பறந்துவிட்டோம்.
அது யாருக்கும் தெரியாது.

மூன்றாவது படத்தையும் எடுத்துப் போட்டேன்.
வெள்ளையே இல்லை.
புல்லில் ஒரு நிழல் மட்டும், நட்டது மாதிரி.
சத்தம் கேட்டிருக்கும்.
பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும்,
என்னை.

"ஆடாக இருக்கும்," என்றார் ஓட்மண்ட்,
காபிக் கோப்பையால் படத்தைச் சுட்டி.
கோப்பையைத் தள்ளி வைக்கச் சொன்னேன்.
கார்பன் தாள் வைத்து இருவருக்கும் ஒரே கடிதம் அடித்தேன்:
புள்ளி 417 கிடைக்கவில்லை.
அந்த இடத்தில் நகரும் வெள்ளைப் பொருள் ஒன்று பதிவாகியுள்ளது.
ஆடு எனக் கருதுகிறோம். விளக்கம் தரவும்.

குன்வோரின் பதில் இரண்டு பக்கம்.
எங்கள் பக்கம் ஆடே கிடையாது, மாடுதான், எல்லாம் செவலை.
பலகை அடித்த அன்று நான்தான் பிடித்தேன், அவர் அடித்தார்,
பதினோரு வருடத்தில் முதல்முறையாக
"கையைப் பார்த்து" என்று ஒரு வார்த்தை பேசினார்.
படம் எடுத்த அன்று பல் பிடுங்க டவுனுக்குப் போயிருந்தேன்.
எனவே எனக்கு ஒன்றும் தெரியாது.

எய்லெவின் பதில் ஒரே வரி:
ஆடு என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் நாடாவோடு ஆள் அனுப்பினோம்.
கல் பழைய இடத்தில்.
முளை அதை ஒட்டியே.
முளையின் தலையில் பலகை, ஒழுங்காக.
அளந்து, குறித்து, இருவரிடமும் கையெழுத்து வாங்கி வந்தார்.
குறிப்பின் அடியில், யாரும் கேட்காமலே,
பென்சிலில் எழுதியிருந்தார்:
பலகையில் ஆணி நான்கு,
துளை எட்டு.

கோப்பை மூடுவதற்கு முன்
பதிவேட்டில் 417க்கு நேரே இருந்த கட்டத்தில்
ஆடு என்று எழுதினேன்.